மேடையில் வைத்த பத்திரிகை

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் வருஷா வருஷம் சாதனையாளர் விழா நடக்கும். பழைய மாணவர்கள், ஆசிரியர்கள், படிக்கிற பிள்ளைகள் என்று தேர்ந்தெடுத்துச் சால்வையும் கேடயமும் கொடுப்பார்கள். பெற்றவர்களையும் மேடைக்குக் கூப்பிட்டு மரியாதை செய்வது அங்கே வழக்கம். அந்த வழக்கத்தை நம்பித்தான், கண்ணுகளா, ஆர்த்தி மோசம் போனாள்.

ஆர்த்தி அங்கே சமூகப்பணி படித்தவள். அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அலைந்து, பள்ளிக்கூடம் போகிற வயதுப் பெண்களுக்கு நடக்கவிருந்த கல்யாணங்களை நிறுத்தினாள். முதலில் நிறுத்தியது சொந்த வீட்டில். தங்கை கீதாஞ்சலி ஒன்பதாவது படிக்கும்போது அப்பா கிருஷ்ணமூர்த்தி அவளைத் தாய்மாமன் அன்பழகனுக்குக் கட்டிவைக்கப் பந்தல் போட்டார். ஆர்த்தி போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். விக்கிரமங்கலம் ஊரே பார்க்கப் பந்தலுக்குள் போலீஸ் வந்தது. அன்றிலிருந்து அப்பா அவளிடம் பேசவில்லை, வாசல் மிதிக்கவும் விடவில்லை.

இப்போது கீதாஞ்சலிக்கு அதே பல்கலைக்கழகத்தில் நர்சிங் இடம் கிடைத்திருந்தது. அனுப்ப மாட்டேன் என்றார் அப்பா. அந்த வருஷச் சாதனையாளர் பட்டியலில் ஆர்த்தியின் பெயர் இருந்தது. நாலு பேர் முன்னால் அவர் தோளில் சால்வை விழுந்தால் மனசு இளகும் என்று நினைத்த ஆர்த்தி, விழாவுக்கு அவரை அழைக்கச் சொன்னாள். வருகிறேன் என்று பதில் வந்ததும், பாவம், சந்தோஷத்தில் அவளுக்குச் சோறுகூட இறங்கவில்லை.

விழா வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் காளி கோயில் திறந்திருக்கும் நாள். கிருஷ்ணமூர்த்தி குடும்பத்தோடு வேனில் முதலில் அங்கே போய்விட்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து இறங்கினார். கையில் மஞ்சள் பை. கோயிலுக்கு எதற்குப் போனீர்கள் என்று அவள் கேட்டிருக்கலாம்.

“வாங்கப்பா” என்றாள்.

அவர் பக்கத்திலிருந்த தூணைப் பார்த்து, “எங்க உக்காரணும்?” என்றார்.

“தூணு பேசாது மாமா. போன் வேணா பண்ணும்” என்றான் அன்பழகன், ஆர்த்தியை ஓரக்கண்ணால் பார்த்து.

விழாவைத் தொகுத்துப் பேசியவர் ஹேமலதா என்கிற பேராசிரியை. எங்க வூட்டு விஷயத்த மட்டும் படிக்காதீங்க மேடம் என்று ஆர்த்தி முன்பே கெஞ்சியிருந்தாள். சரிம்மா என்று தலையாட்டியவர், மைக் கைக்கு வந்ததும், “தன் சொந்தத் தங்கையின் திருமணத்தையே தடுத்து நிறுத்திய வீரமங்கை” என்று முழங்கினார். அரங்கம் அதிரக் கைதட்டல். கிருஷ்ணமூர்த்தி மஞ்சள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். அவர் செய்தது தப்புத்தான். ஆனாலும் தன் அவமானத்துக்கு ஊரே கைதட்டுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது யாருக்கும் லேசில்லை.

அம்மா சுமதியையும் கீதாஞ்சலியையும் கூட்டிக்கொண்டு அவர் மேடை ஏறினார். துணைவேந்தர் சால்வை போட்டார்.

“ரெண்டு வார்த்த பேசிக்கிறேன் சார்” என்று மைக்கை இழுத்தார் கிருஷ்ணமூர்த்தி. பைக்குள்ளிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு வந்தது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், அதன்மேல் கல்யாணப் பத்திரிகை.

“மொதப் பத்திரிகை காளிக்கு வச்சாச்சு. ரெண்டாவது அய்யாவுக்கு. வர்ற ஆவணியில எஞ் சின்னப் பொண்ணுக்குக் கல்யாணம். அன்னைக்குப் பந்தல்லேருந்து எந்திரிச்சுப் போன அதே மாப்பிள்ளதான். இப்ப பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. யாரும் போன் பண்ண வேணாம், நேர்லயே வந்துருங்க.”

அதிலிருந்த குத்தல் புரியாத துணைவேந்தர் எழுந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். “ரொம்ப சந்தோஷம். அவசியம் வர்றேன்.” வெற்றிலை பாக்கோடு நீட்டுகிற பத்திரிகையைத் தள்ள நம் பக்கத்தில் யாருக்குத்தான் கை வரும்? அதற்கும் கைதட்டினார்கள். நிறுத்தியதற்கும் நடத்துவதற்கும் ஒரே கைதட்டல்.

கிருஷ்ணமூர்த்தி இன்னொரு பத்திரிகையை எடுத்து, வெற்றிலை வைத்து, ஆர்த்தியிடம் நீட்டினார். இத்தனை காலத்துக்குப் பிறகு அவள் முகத்தை அன்றுதான் பார்த்தார்.

“வாங்கிக்க. வாங்கிட்டின்னா வூட்டுக்கு வரலாம்.”

அம்மாவின் கண் வாங்கிக்கொள் வாங்கிக்கொள் என்றது. வாங்கினால் வீடு உண்டு, தங்கை போய்விடுவாள். ஆர்த்தியின் கை எழவில்லை.

“பெத்தவன் கைய நீட்டிக்கிட்டு நிக்கிறேன். இதையும் நிறுத்தப் போறியா?”

“கீதாவக் கேட்டீங்களாப்பா?”

“அவள என்னத்தக் கேக்கறது.”

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கீதாஞ்சலி நிமிர்ந்தாள். “எனக்கு ஒருத்தரும் பத்திரிக வைக்கலியேக்கா. கூப்புடாத கல்யாணத்துக்கு எப்புடிப் போறது?”

மைக் அணையவில்லை. பின்வரிசைப் பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு விசில். அன்பழகன் எழுந்து வேகமாக வெளியே போனான். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

கிருஷ்ணமூர்த்தி தோளிலிருந்த சால்வையை உருவி நாற்காலியில் எறிந்தார்.

“கேடயம்னு சொல்லிக் கூப்புட்டு ரெண்டு பொண்ணையும் எடுத்துக்கிட்டீங்க சார். நல்ல மரியாத” என்று துணைவேந்தரிடம் சொல்லிவிட்டு, சுமதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். வேன் கிளம்பிற்று.

கீதாஞ்சலி உடுத்திய துணியோடு நின்றுவிட்டாள். அக்காவின் சுடிதாரைப் போட்டுக்கொண்டுதான் நர்சிங் வகுப்பில் சேர்ந்தாள். ஆர்த்தி வீட்டுக்குப் போன் செய்தால், குரல் கேட்டதுமே துண்டித்தார்கள்.

கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் துணைவேந்தர் மேடையில் வாங்கிய பத்திரிகையின் தேதியை அவருடைய ஆபீஸில் குறித்து வைத்தவர்கள் அடிக்க மறந்திருந்தார்களே. ஆவணி முகூர்த்தத்தன்று பழக்கூடையோடு ஒரு கார் விக்கிரமங்கலத்துக்கு வந்து நின்றது.

“கல்யாண வூடு இதானுங்களா?” என்று டிரைவர் கேட்டார்.

வாசலில் நின்ற கிருஷ்ணமூர்த்தி கூடையைப் பார்த்தார், காரில் எழுதியிருந்த பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்தார்.

“இதேதான். பொண்ணு ஒங்க ஹாஸ்டல்லதான் இருக்கு. பழத்த அங்கயே கொண்டுபோய்க் குடு.”

டிரைவர் காரைத் திருப்புவதற்குள் சுமதி கொல்லைப்புறமாக ஓடிவந்து, கீதாஞ்சலியின் துணிகளைக் கட்டிய மூட்டையைப் பின் சீட்டில் போட்டாள். நிமிர்ந்தால் கிருஷ்ணமூர்த்தி பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“அவ செருப்பும் இங்கதான் கெடக்கு” என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு. “அதையும் தூக்கிப் போடு.”