யாகப்பனின் வலது கால்

எந்தக் கம்பெனியின் கார் என்று சொல்லமாட்டேன். சொல்லக்கூடாது என்று மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பெரிய கார், கறுப்பு நிறம், உட்கார்ந்தால் வீட்டு சோபாவைவிட மெத்தென்று இருக்கும். இவ்வளவு சொன்னதற்கு யாரும் கேஸ் போடமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

என் பெயர் புஷ்பவள்ளி. மலேசியாவில், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் வெட்டும் செம்பனைப் பழத்தை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் லாரிகள் எனக்கு ஏழு ஓடுகின்றன. வீட்டுக்காரர் கண்ணை மூடியபோது இரண்டு லாரிதான் இருந்தது. மற்ற ஐந்தையும் யாரையும் நம்பாமல் சேர்த்தேன். ஆலையில் எடை போடும்போது பக்கத்தில் போய் நிற்பேன். புது டயர் என்று கடைக்காரன் சத்தியம் செய்தாலும் நகத்தால் கீறிப் பார்ப்பேன். என் நிழலையே நான் இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பேன் என்று தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும், இதுவரை எவனும் என் காதில் பூச்சுற்றியதில்லை.

நான் நம்பிய ஒரே ஆள் யாகப்பன். பத்தொன்பது வருடமாக என்னிடம் இருந்தார். முதலில் லாரி ஓட்டினார், என் வீட்டுக்காரர் போன பிறகு என் காரை ஓட்டினார். எனக்கு ஓட்டத் தெரியாது. என்னைவிட நான்கு வயது மூத்தவர், இருந்தாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் அவரைப் பெயர் சொல்லி, நீங்க என்று பேசுவேன். இந்த ஏற்பாட்டில் எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

புதுக் கார் வந்த அன்று கோயிலில் பூசை போட்டோம். முன்பக்கம் கம்பெனிச் சின்னத்தின்மேல் கை நிறையச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தேன். யாகப்பன் மாதா கோயில்காரர். வண்டியில் ஏறி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, நான்கு சக்கரத்து எலுமிச்சம்பழத்தையும் ஒன்று தப்பாமல் நசுக்கினார்.

ஒன்பதாம் நாள் புக்கிட் புத்துஸ் மலைச்சாலையில், எதிரே ஈ காக்கை இல்லாத இடத்தில், கார் கீச்சென்று நின்றது. முன் சீட்டின் முதுகில் என் நெற்றி இடித்தது. நாய் ஏதாவது குறுக்கே வந்ததா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். அடுத்த வாரம் மந்தின் தாண்டி நெடுஞ்சாலையில் அதேபோல நின்றது. பின்னால் வந்த சிமெண்டு லாரிக்காரன் கடைசி நேரத்தில் பக்கத்துத் தடத்துக்கு ஒடித்தான். இல்லையென்றால் இதைச் சொல்ல நான் இருக்கமாட்டேன். ஓரத்தில் நிறுத்திவிட்டு யாகப்பன் என் பக்கம் திரும்பினார்.

"நான் பிரேக்க தொடவே இல்ல அக்கா. கார் தானா புடிச்சிருச்சி."

அன்று நான் அதை நம்பினேன். மறுநாளே சிரம்பானில் உள்ள கம்பெனிக் கடைக்குப் போய், வண்டியை எடுத்துக்கொண்டு வேறு புதுசு கொடுங்கள் என்றேன்.

என்னிடம் பேச சசிதரன் என்ற ஆளை அனுப்பினார்கள். முப்பது வயது இருக்கும், கழுத்துப்பட்டை, நல்ல வாசனை. தமிழ் அம்மா வந்திருக்கிறாள், தமிழ்ப் பையனை விட்டுப் பேச வை என்று மேலே யாரோ சொல்லியிருக்கவேண்டும். ஆண்ட்டி ஆண்ட்டி என்று தேன் தடவிப் பேசினான். அவன் தேன் தடவத் தடவ எனக்கு எரிச்சல்தான் ஏறியது.

முதலில் சந்தனத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எதிரே தடை தெரிந்தால் தானாகப் பிரேக் பிடிக்கிற வண்டியாம், சின்னத்துக்குப் பின்னால்தான் அதன் கண் இருக்கிறதாம், அதன்மேல் நான் சந்தனத்தை அப்பியதால் எதிரே சுவர் நிற்கிறது என்று கார் பயந்துவிட்டதாம். பூசைமேல் பழி போடுகிறார்களே என்று ஆத்திரம் வந்தது. ஆனால் உள்ளுக்குள், அப்படியும் இருக்குமோ என்று ஒரு குறுகுறுப்பு. துடைத்துத் தாருங்கள் என்று விட்டுவந்தேன். எட்டு நாள் வைத்திருந்து, எதையெல்லாமோ சரிபார்த்து, பளிங்குபோலத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். வீடு வந்து சேர்வதற்குள் கோலப்பிலா பக்கத்தில் மறுபடியும் நின்றது. இந்தத் தடவை சந்தனத்தைக் குறை சொல்ல வழியில்லை.

அடுத்த தடவை போனபோது சசிதரன் மேசையில் ஒரு தாளை விரித்தான். காருக்குள் ஒரு பெட்டி இருக்கிறது, நடந்ததையெல்லாம் அது எழுதி வைக்கும் என்றான். மூன்று தடவையும் பிரேக் பெடல் கீழே போனதாக அதில் இருந்தது. எல்லாம் படித்துக் காட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். யாகப்பன் வெளியே காரில் இருந்தார்.

"நம்ம ஆளுங்கன்னு சொல்றேன் ஆண்ட்டி. கம்பெனி பொய் சொல்லும், பெட்டி பொய் சொல்லாது லா. கால் வைக்காம பெடல் எப்படி கீழ போவும்? உங்க டிரைவருக்கு என்ன வயசு?"

அறுபத்திரண்டு என்றேன். அவன் தலையை ஆட்டினான். பிறகு இன்னொரு தாள் வந்தது. ஓட்டுநரின் தவறு என்று நான் ஒப்புக்கொண்டால், நல்லெண்ணத்துக்காக மூன்று வருடம் இலவசமாக சர்வீஸ் செய்து தருவார்களாம். தாளில் யாகப்பனின் முழுப் பெயரும் அடையாள அட்டை எண்ணும் முன்கூட்டியே அச்சாகியிருந்தன. நான் கையெழுத்துப் போட்டால் அவர் பிழைப்பு அதோடு முடிந்தது. காரணமில்லாமல் நடுரோட்டில் பிரேக் அடிக்கிற கிழவனுக்கு எந்த இன்சூரன்ஸ்காரன் லாரி கொடுக்கவிடுவான்?

கையெழுத்துப் போடவில்லை. இரண்டு வாரம் தவணை கேட்டு எழுந்துவந்தேன். என் ஆளை விட்டுக்கொடுக்கவில்லை என்று பெருமை பேசிக்கொள்ள ஆசைதான். ஆனால் அன்று காரில் ஏறியபோது நான் பின் சீட்டுக்குப் போகவில்லை, முன்னால் உட்கார்ந்தேன்.

சந்தேகம் என்பது எனக்குப் பழகிய வேலை. ஒரு நூல் கிடைத்தால் போதும், முழுத் துணியையும் பிரித்துவிடுவேன். இந்தக் கார் வாங்கும்போது, நம்ம ரோட்டுக்குப் பழைய வேன் போதும் அக்கா என்று தடுத்தவர் யார்? யாகப்பன். போன வருடம் வேறொரு லாரி முதலாளி அவரை வேலைக்குக் கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டேனே, அதை ஏன் அவர் வாயால் சொல்லவில்லை? இந்தக் காரை இனித் தொடவேண்டாம், கம்பெனி வாசலிலேயே விட்டுவிடுவோம் என்று மூன்று நாளாக ஏன் கெஞ்சுகிறார்? குட்டு வெளிப்படும் என்ற பயமா? மகள் ரோகினி கோலாலம்பூரில் இருந்து போன் செய்து, அவருக்குக் கண் டெஸ்ட் பண்ணிப் பாருங்கம்மா என்றாள். கண்ணா காரணம், மனசா காரணம் என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மறுநாளிலிருந்து அவரைத் தோட்டத்து உள்சாலைகளில் ஓட்டச் சொன்னேன். மதியத்துக்கு மேல் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் நேரான தார்ச் சாலை. அறுபதுக்கு மேல் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து போனில் நாடகம் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். போன் என் மடியில் சாய்ந்து அவர் காலை வீடியோப் படமெடுத்துக்கொண்டிருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், கம்பெனியைப் பிடிக்க நான் படமெடுக்கவில்லை. யாகப்பனைப் பிடிக்கத்தான் எடுத்தேன்.

முதல் நாள் நான்கு படம், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. ராத்திரி அவற்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கறுப்புச் சப்பாத்து, அதற்குள் கால் என்ன செய்கிறது என்று தெரியவில்லை. இந்த மனுஷன் கெட்டிக்காரன் என்று பல்லைக் கடித்தேன். மூன்றாம் நாள் வண்டியில் ஏறுமுன் யாகப்பன் சப்பாத்தைக் கழற்றிப் பின்னால் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டினார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புதுசாக ஏதோ தந்திரம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஐந்தாம் நாள், மூன்று மணி இருக்கும். அவர் வலது கால் வேகத்தைக் கூட்டும் எண்ணெய் பெடல்மேல் இருந்தது. பெருவிரல் நகத்தில் பழைய அடிபட்ட கறுப்பு. இடது கால் ஓரமாகச் சும்மா கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரேக் பெடல் தானாக உள்ளே போனது, பேய் மிதித்ததுபோல. பெல்ட் நெஞ்சை இறுக்கியது, போன் கீழே விழுந்தது. அவர் கால் இருந்த இடத்திலேயே இருந்தது.

எனக்கு அப்போது வந்தது சந்தோஷம். கம்பெனிக்காரன் மாட்டினான் என்ற சந்தோஷம் மட்டும்தான் வந்தது. பக்கத்தில் இருந்த மனுஷன் முகத்தை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை யாகப்பனைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு சிரம்பானுக்குப் போனேன். தற்செயலாக ஒரு படம் எடுத்தேன், அதில் எல்லாம் தெரிகிறது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். சசிதரனோடு மலாய்க்கார இன்ஜினியர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். படத்தைப் போட்டுக் காட்டினேன். இன்ஜினியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சசிதரன் மட்டும் அசையவில்லை. ஒரு படத்தை மட்டும் காட்டினால் செட்டப் என்று மேலே சொல்லிவிடுவார்கள், முன்னே பின்னே எடுத்தது இருந்தால் எல்லாவற்றையும் வெட்டாமல் காட்டுங்கள் என்றான்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் கார் போச்சு, அந்தத் தாளும் உண்மையாகிவிடும். போனைக் கொடுத்தேன். சுவரில் இருந்த பெரிய திரையில் ஒவ்வொன்றாக ஓடவிட்டார்கள். மொத்தம் பதினாறு படம். ஒவ்வொன்றின் கீழும் தேதி, நேரம். முதல் நாள் கால், இரண்டாம் நாள் கால், மூன்றாம் நாள் கால். பதினாறிலும் அவர் காலைத் தவிர வேறொன்றும் இல்லை. யாகப்பன் என் பக்கத்து நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார்.

மூன்றாம் நாள் படத்தில் சசிதரன் நிறுத்தினான். முதல் இரண்டு நாளும் சப்பாத்து இருக்கிறது, இங்கிருந்து இல்லை, ஏற்பாடு செய்து எடுத்த படமா என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் யாகப்பன் பேசினார். அவன் வயதுக்கு அவனை சார் என்று கூப்பிட்டார்.

"ஏற்பாடு ஒன்னும் இல்ல சார். அக்கா என் கால படம் புடிக்கிறாங்கன்னு மொத நாளே தெரியும். சப்பாத்து போட்டா மறைக்குதே. அதான் கழட்டிட்டேன், நல்லா பாக்கட்டும்னு."

இன்ஜினியருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னார் என்று மலாயில் கேட்டார். சசிதரன் சொல்லச் சொல்ல அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம். பிறகு கடைசிப் படத்தை ஐந்தாறு தடவை ஓட்டிப் பார்த்தார்கள், வெளியே போய்ப் போனில் பேசினார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. வேறு புதுக் கார் தருகிறார்கள், யாகப்பன் பெயர் போட்ட தாளை என் கண் முன்னால் கிழிக்கிறார்கள், நான் வெளியே மூச்சு விடக்கூடாது. நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது.

புதுசு வரும்வரை ஓட்ட ஒரு கார் கொடுத்தார்கள். அதில் பகாவ் வரைக்கும் வந்தோம். பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஏதாவது பேசவேண்டும் என்று வார்த்தை தேடினேன். ஒரு சட்டைத் துணி வாங்கித் தரலாமா, சம்பளம் கூட்டலாமா என்றெல்லாம் யோசித்தேன். நினைக்க நினைக்க என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவர் வழக்கம்போல வளைவுகளில் மெதுவாக, என் முழங்காலுக்கு வலிக்காமல் ஓட்டினார்.

வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கி, எனக்குக் கதவைத் திறந்துவிட்டு, சாவியை என் கையில் கொடுத்தார். நாளையிலிருந்து பழ லாரிக்கே போகிறேன், ஒரு லாரியில் ஆள் குறைகிறதே என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன், சண்டை எனக்கு வரும். சாதாரணமாகச் சொன்னார்.

"நான் உங்கள நம்புறேன் யாகப்பன்," என்றேன்.

"இப்ப நம்புவீங்க அக்கா. படம் இருக்கே. இப்ப யாரு வேணும்னாலும் நம்புவாங்க."

சொல்லிவிட்டுப் பின் சீட்டில் கிடந்த என் கைப்பையை எடுத்து வாசல்படியில் வைத்தார். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.