லூசியம்மாள் முதுகில் ப்ளைவுட்

எங்கள் தெரு லூசியம்மாள் ஆலயத்தைப் 'பேராலயம்' ஆக்கியவர் ஆயர் அல்ல. கோயில் செயலாளர் அமல்ராஜ். முத்தாபுதுப்பேட்டையில் ஃப்ளெக்ஸ் போர்டு கடை வைத்திருக்கிறார். சொந்த மெஷின், சொந்த மை. வாசல் போர்டைப் புதிதாக அடிக்கும்போது பதவி உயர்வும் கொடுத்துவிட்டார். யார் கேட்பது?

அதோடு விட்டிருக்கலாம். ஜன்னலில் கை வைத்தார்.

கோயிலின் கிழக்குச் சுவரில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று. தட்டில் இரண்டு கண்களை ஏந்தி நிற்கும், பார்வைக்குப் பாதுகாவலியான லூசியம்மாள்: கீழே சிவப்பு அங்கி, மேலே நீலப் போர்வை, தலையைச் சுற்றி மஞ்சள் வட்டம். எதிர்வீடான என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து வெயில் ஏறினால், அந்த நிறமெல்லாம் உள்ளே மூன்றாவது பெஞ்சில் போய் விழும். அங்கேதான் புஷ்பாக்கா தன் வீட்டுக்காரர் தேவாவை உட்கார வைப்பாள்.

தேவா ஃபேக்டரியில் வெல்டராக இருந்தவர். இப்போது யார் முகமும் தெரியாது. வெயில் பளிச்சென்று அடித்தால் நிறம் மட்டும் தெரியும். வாரத்தில் ஆறு நாள் அவருக்குச் சாம்பல். ஞாயிறு எட்டு மணிப் பூசையில் மட்டும் சிவப்பு, வெயில் ஏற ஏற நீலம், கடைசியில் மஞ்சள். மஞ்சள் வந்தும் ஃபாதர் பிரசங்கத்தை முடிக்கவில்லை என்றால் உரக்கச் சொல்லிவிடுவார்: "மஞ்சா வந்துச்சு, ஃபாதர்!" கோயிலே சிரிக்கும். ஃபாதர் மட்டும் சிரிக்க மாட்டார்.

அமல்ராஜுக்கு வேறு குறை. பகலில் தெருவிலிருந்து பார்த்தால் ஜன்னல் கருப்பாக இருக்கிறதாம். அது உள்ளே இருப்பவர்களுக்கான ஜன்னல் என்பது போர்டு கடைக்காரருக்கு எப்படிப் புரியும்? பின்னால் விளக்கு வைப்பதுதான் அவருக்குத் தெரிந்த அழகு. ஒரு செவ்வாய்க்கிழமை உள்பக்கம் முழுக்க ப்ளைவுட் அடித்து, இடுக்கில் எல்இடி பட்டை ஓட்டி, சுவிட்சைப் போட்டார். கரையான்சாவடி பிரியாணிக் கடை மாதிரி லூசியம்மாள் தெருவைப் பார்த்து மினுக்கினாள். என் படுக்கையறைச் சுவரும் சேர்ந்து மினுக்கியது. அந்தக் கோபம் எனக்குத் தனி.

ஞாயிற்றுக்கிழமை தேவா பெஞ்சில் உட்கார்ந்து, வெயில் தேடித் தன் சட்டையைத் தடவிப் பார்த்தாராம். "புஷ்பா, வெளிய மழையா?" என்றாராம்.

பூசை முடிந்ததும் புஷ்பாக்கா அமல்ராஜை வாசலிலேயே மடக்கினாள். நான் பக்கத்தில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டுக் கீரைக்கு இவ்வளவு நேரமா என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

"இன்னா அண்ணாத்தே, மாதா கோயிலா இது, துணிக்கடையா?"

"ஊரே பாக்குது புஷ்பா. பஸ்ல போறவன்கூட கன்னத்துல போட்டுக்கினு போறான்."

"பஸ்ல போறவனுக்கு ரெண்டு கண்ணு கீது. என் ஊட்டுக்காரருக்கு அந்த ஒரு ஜன்னல்தான் கீது. அதுல ஏன் பலகை அடிச்ச?"

"ஒருத்தருக்காகப் பேராலயத்த இருட்டுல வைக்கச் சொல்றியா?"

"உள்ள பூரா இருட்டாக்கினது யாரு? நானா?"

ஃபாதரிடம் போனாள். "கோயில் பேரவை முடிவு எடுத்தாச்சும்மா," என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். பலகை அடித்த பிறகு அவர் பிரசங்கம் முக்கால் மணி நேரம் ஓடியது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மூன்று ஞாயிறு போனது. சனிக்கிழமை சாயங்காலம் புஷ்பாக்கா என் கேட்டருகே வந்து நின்றாள்.

"கோயிலுக்கு எழுந்துக்கவே மாட்டேங்கறாரு ரேவதி. அங்க வந்து இன்னாத்தப் பாக்கறதுன்னு கேக்கறாரு." முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "நாளைக்கு இஸ்துகினு வரேன். நீயும் வா."

முந்தானையில் ஏதோ கனமாக முடிந்திருந்தாள். என்ன என்றேன்.

"அவரோட திருப்புளி."

மறுநாள் நானும் கோயிலுக்குப் போனேன். பக்திக்காக என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஃபாதர் மன்னிப்பைப் பற்றி ஆரம்பித்தார். தேவாவோடு மூன்றாவது பெஞ்சில் இருபது நிமிடம் பொறுத்த புஷ்பாக்கா எழுந்தாள். பல்பு மாற்றும் அலுமினிய ஏணியைத் தரையில் தரதரவென்று இழுத்து வந்தாள். தூங்கியவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டார்கள். ஜன்னலில் சாத்தி ஏறி, முதல் ஸ்க்ரூவைத் திருகினாள்.

அமல்ராஜ் ஓடி வந்தார். "புஷ்பா, எறங்கு! பூசை நடக்குது!"

"கிட்ட வராத அண்ணாத்தே. பலகை உன் தலைல வுழுந்தா நான் பொறுப்பில்ல."

அமல்ராஜ் நின்ற இடத்திலேயே நின்றார். ஃபாதர் குரலை உயர்த்தி மன்னிப்பைத் தொடர்ந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. எல்லோரும் ஸ்க்ரூ எண்ணிக்கொண்டிருந்தோம். ஒன்பதாவதில் பலகை எல்இடி வயரையும் பிய்த்துக்கொண்டு தடாலென்று விழுந்தது.

வெயில் ஏறிப் போயிருந்தது. சிவப்பும் நீலமும் மூன்றாவது பெஞ்சைத் தாண்டிவிட்டன. தேவா முகத்தைத் தூக்கினார். கன்னம், நரைத் தாடி, சட்டைக் காலர் எல்லாம் ஒரே நிறம்.

"மஞ்சா வந்துச்சு, ஃபாதர்!"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஃபாதரைப் பார்த்தோம். பிரசங்கத்தைப் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, அடுத்த ஜெபமான விசுவாசப் பிரமாணத்தை ஆரம்பித்தார். எழுந்து நின்றோம்.

புஷ்பாக்கா இறங்கவில்லை. சட்டத்தில் தங்கிவிட்ட மூன்று ஸ்க்ரூவையும் திருகிக் கழற்றி, ஒவ்வொன்றாக அமல்ராஜ் காலடியில் போட்டாள்.