தோளில் பட்ட விரல்

காளிதாஸ் எடுத்துப்போன வாடகை சைக்கிளின் பின்சக்கரம் கோணிக்கொண்டு திரும்பி வந்ததில் தொடங்கியது அந்தச் சண்டை. கல்லல் ஸ்டேஷன் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த பீர் முகம்மது, "பள்ளத்துல விட்டு ஏத்தியிருக்கே மச்சான்" என்றார். "எடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்றார் காளிதாஸ். இருவரும் சின்ன வயதிலிருந்து கூட்டாளிகள் என்பதால் பேச்சு தாராளமாகவே தடித்தது. கடைசியில் காளிதாஸ் இரண்டு விரலை நீட்டி, பீர் முகம்மதுவின் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் ஓர் அமுக்கு அமுக்கி, "போய்ச் சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வேறு யாராவது அமுக்கியிருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும். காளிதாஸுக்கு வர்மம் தெரியும் என்று ஊருக்குள் பேர். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில், நாகர்கோவில் பக்கம் கதவு நிலை வேலைக்குப் போயிருந்த தச்சரான அவர், திரும்பும்போது உளிப்பெட்டியோடு அந்த வித்தையையும் கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்டவாளத்துக்கு அங்குட்டு இருக்கும் பொட்டலில் இளவட்டங்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுப்பார். முடியும் நேரத்தில் ஒருத்தனை எதிரே நிறுத்தி, தொடாமல், கண்ணால் மட்டும் உற்றுப் பார்ப்பார். அவன் தள்ளாடித் தள்ளாடி விழுவான்.

அவர் மனைவி நாகவல்லிக்கு மட்டும் இதில் துளியும் நம்பிக்கை இல்லை. "விழுறவன் எல்லாம் உங்ககிட்டப் படிக்கிறவனாவே இருக்கானே, அது எப்படி?" என்று கேட்பாள். ஒருநாள், முருங்கையை மேய வந்த பக்கத்து வீட்டு ஆட்டைக் காட்டி, "இதைக் கொஞ்சம் பார்த்து விடுங்க" என்றாள். காளிதாஸ் பார்த்தார். ஆடும் அவரைப் பார்த்தது. பிறகு மறுபடி மேயத் தொடங்கிவிட்டது.

"ஆட்டுக்கு மனசு கிடையாது. அதான் எடுபடலை" என்றார்.

"அப்ப விழுறது மனசுதான். ஆளு இல்லை."

அவர் இழைப்புளியை எடுத்துக்கொண்டு போனார். அவளும் அதற்குமேல் வளர்க்கவில்லை. மனுஷன் குடிப்பதில்லை, ஊர் சுற்றுவதில்லை. இந்த ஒரு பெருமை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

சண்டைக்கு மறுநாளே டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். போட்டது தொடு வர்மமாம். உடனே தெரியாதாம், உள்ளுக்குள் வேலை செய்யுமாம், உயிர் வர்ற அமாவாசையைத் தாண்டாதாம். காளிதாஸிடமே கேட்டார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு டீயைக் குடித்தார்.

அந்த வாரக் கடைசியில் பீர் முகம்மதுவின் மனைவி அஜீஸா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நாகவல்லியின் வீட்டுப் படியேறினாள்.

"மதினி, அவுக படுத்துட்டாக. கஞ்சிகூட இறங்க மாட்டேங்குது. டாக்டர் பார்த்துட்டு ஒடம்புக்கு ஒண்ணுமில்லைன்னுட்டாரு. தர்காவுல ஓதிக் கயிறும் கட்டியாச்சு. தோளைப் பிடிச்சுக்கிட்டே கெடக்காக." முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன் வந்து, போட்டதை எடுத்துவிடச் சொல்லுங்க."

உள்ளே இருந்த காளிதாஸின் முகத்தில் இருந்த பெருமையெல்லாம் வடிந்துபோனதை நாகவல்லி பார்த்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடாத குறையாகக் கிளம்பினார். அவளும் பின்னாலேயே போனாள்.

வாட்டசாட்டமான ஆள் பீர் முகம்மது. கட்டிலில் வாடிய கீரைத்தண்டு மாதிரிக் கிடந்தார்.

"நான் ஒண்ணுமே போடலை மச்சான். கோவத்துல ஒரு தள்ளு, அவ்வளவுதான்" என்றார் காளிதாஸ்.

"இல்லைன்னுதான் சொல்லுவே. சாகப்போறவன்கிட்ட உண்மையவா சொல்லுவாக?" பீர் முகம்மது கண்ணைத் திறக்கவில்லை. "உன்மேல எனக்குக் கோவம் இல்லை. சக்கரம் கோணினது என் கவனக்குறைவாகூட இருக்கும்."

அந்த வார்த்தையில் காளிதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. நாகவல்லியை வெளியே அழைத்துவந்து, "எண்ணெயத் தடவி, முதுகுல ரெண்டு தட்டுத் தட்டி, எடுத்துட்டேன்னு சொல்லிடுறேன். எந்திரிச்சிருவான்" என்றார்.

"எந்திரிப்பாக. நாளைக்கு எதுக்காச்சும் தலை வலிச்சா, பாதிதான் எடுத்திருக்கான்னு திரும்பப் படுப்பாக. உங்க கை பட்டவன் எல்லாம் படுப்பான். நீக எண்ணெயத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையணும்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றே?"

அவள் உள்ளே போய், பீர் முகம்மதுவின் கண்ணுக்கு நேராகக் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, கண்ணைத் திறந்து பாருங்க. இவுக உங்களைத் தொட்ட அதே விரலால, அதே இடத்துல என்னையும் தொடட்டும். உங்களுக்கு அமாவாசைன்னா எனக்கும் அமாவாசைதான்."

அஜீஸா "வேணாம் மதினி" என்று கையைப் பிடித்தாள். நாகவல்லி அவளைப் பார்க்கவில்லை, கணவனைத்தான் பார்த்தாள். அவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். கை மேலே வரவே இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரை ஏமாற்றுகிறவர் இல்லை இவர். இவரும் நம்புகிறார். நிச்சயமாக இல்லாவிட்டாலும், ஒருவேளை இருக்குமோ என்கிற அளவுக்காவது நம்புகிறார். அந்த விரலை அவள்மேல் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. எரிச்சல்பட வேண்டிய அந்த நேரத்தில் அவளுக்கு அவர்மேல் என்னவோ இரக்கம்தான் சுரந்தது.

"தொடுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் மெதுவாக.

காளிதாஸ் தொட்டார். பூவைத் தொடுவது போலத் தொட்டார்.

"என்னை அமுக்கினது இப்படி இல்லை" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல்.

இரண்டாம் முறை அமுக்கினார். "வலிக்குது. விரலா இது, ஆப்பா?" என்று தோளைத் தேய்த்துக்கொண்டே எழுந்தாள் நாகவல்லி.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அஜீஸாவின் வீட்டுக்குப் போய், பீர் முகம்மதுவின் கண்ணெதிரே உட்கார்ந்து, தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பத்தை ரசித்துச் சாப்பிட்டாள். அவர் முதலில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆப்பத்தைப் பார்த்தார். நாலைந்து நாளில் அவருக்கும் ஒன்று இறங்கியது.

வீட்டில் கதை வேறாக இருந்தது. காளிதாஸ் அவளைக் கிணற்றில் தண்ணீர் இறைக்க விடவில்லை. விறகைத் தானே பிளந்து அடுக்கினார். விடிந்ததும் அவள் கண்விழிக்கும்போது, எதிரே குத்தவைத்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "எப்படி இருக்கு?" என்பார். "பசிக்குது" என்பாள். உடனே போய் உலை வைப்பார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சவரட்சணை கண்டதில்லை, அமாவாசை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்று அஜீஸாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மழையில் நனைந்தாள். மறுநாள் காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது.

வெறும் காய்ச்சல் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தபோது, அந்தத் தோள் லேசாக வலிப்பது போல இருந்தது. இதுதான் அண்ணனுக்கும் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இத்தனை நாள் பீர் முகம்மதுவை மனசுக்குள் கேலி செய்தது அவளுக்குச் சங்கடமாக இருந்தது. காளிதாஸோ தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் அவள் வராததால் அஜீஸா விசாரிக்க வந்தாள். பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் சத்தம் கேட்டது. பீர் முகம்மது நின்றுகொண்டிருந்தார். கைலியும் பனியனுமாக, கட்டிலைவிட்டு எழுந்தபடியே வந்திருந்தார்.

"ஏன்டா, பொண்டாட்டி இப்படிக் கெடக்கா, நீ கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. மருந்து வாங்கினியா?"

"பஸ்ஸு போயிருச்சு மச்சான்."

"பஸ்ஸு போனா சைக்கிள் இல்லையா?"

அவர் திரும்பி நடந்தார். காரைக்குடிக்கு சைக்கிள் மிதித்து, அங்கே செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். உடம்பெல்லாம் வியர்வை. அஜீஸா வைத்துக் கொடுத்திருந்த மிளகு ரசத்தைத் தானே டம்ளரில் ஊற்றி, "குடி தங்கச்சி" என்று நீட்டினார்.

நாகவல்லி குடித்தாள். மிச்சம் இருந்ததை அவரும் குடித்தார். பசிக்கிறது என்று சோறு கேட்டார்.

"அண்ணே, காரைக்குடிக்குப் போயிட்டா வந்தீக?" என்றாள்.

"ஆமா."

"மிதிச்சுக்கிட்டா?"

பீர் முகம்மது சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு காளிதாஸைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நாகவல்லிக்கு இருமல்தான் வந்தது.

அமாவாசை வந்தது, போனது. அதற்குள் அவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பீர் முகம்மது கடையைத் திறந்து, முதல் வேலையாக அந்தக் கோணல் சக்கரத்தைக் கழற்றி நிமிர்த்தினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காளிதாஸ் பொட்டலில் எல்லோரையும் உட்காரவைத்தார். "நான் பார்த்தா யாரும் விழ மாட்டாக. தொட்டாலும் ஒண்ணும் ஆகாது. கம்பு சுத்தத் தெரியும், அதைச் சொல்லித் தாரேன். இருக்கிறவக இருங்க" என்றார்.

வழக்கமாக விழுகிற உடையப்பன் எழுந்தான். "நான் விழுந்தேனேண்ணே."

"ஏன் விழுந்தே?"

உடையப்பன் தலையைச் சொறிந்தான். "விழலைன்னா உங்க மொகம் வாடிப்போயிருமேன்னு மொதநாள் விழுந்தேன். அப்புறம் அதுவாவே வர ஆரம்பிச்சிருச்சு."

காளிதாஸ் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு ஒரு கம்பை எடுத்து அவனிடம் வீசினார்.

டீக்கடை மட்டும் தோற்க ஒப்புக்கொள்ளவில்லை. வர்மம் உண்மைதான், நாகவல்லிதான் அதைத் தன் உடம்பில் வாங்கிக் காய்ச்சலாக இறக்கிவிட்டாள் என்று புதுக் கதை கட்டினார்கள். அடுத்த மாதம் ஒக்கூரிலிருந்து பொன்னுத்தாயி என்று ஒரு பெண், கழுத்தைத் திருப்ப முடியவில்லை, நீங்கள் கையை வைத்தால் போதும் என்று நாகவல்லியிடம் வந்து நின்றாள். நாகவல்லி அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். என்ன வேலை பார்க்கிறாள், எதைச் சுமக்கிறாள், எத்தனை பிள்ளைகள் என்று பொறுமையாக விசாரித்தாள். பிறகு தானே பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்து, காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி பஸ் ஏற்றிவிட்டாள். பஸ் திரும்பும் மட்டும் அந்தப் பெண் ஜன்னல் வழியாகக் கும்பிட்டுக்கொண்டே போனாள்.