இட்டேரிக்கும் தார்ரோட்டுக்கும் ஒரு வண்டி

பொங்கியண்ணன் யாரையும் அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் வீட்டுக்கு மருமகளாக வந்த லோகப்பிரியாவுக்கு அதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. அதட்டுகிற மாமனாராக இருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசலாம், பிறந்த வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தலாம். "ஏனுங்க அம்மணி, சாப்பிட்டீங்களா?" என்று வேளை தவறாமல் கேட்கிற மனிதரிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு சண்டை போடுவது? வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க' போட்டு அவர் கட்டிய வேலியைத் தாண்ட அந்த வீட்டில் இன்னும் ஒருவரும் பிறக்கவில்லை.

அவள் புருஷன் மனோஜ்குமாருக்குப் பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. வீடோ பல்லடத்துக்கு அந்தப் பக்கம், தோட்டத்துக்குள். பஸ்ஸை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் கிளுவை வேலி கட்டிய இட்டேரி மண்பாதையில் இரண்டு மைல் நடக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வருவதற்குள் கடைசி பஸ் போய்விடும். அதனால் அவன் கூட்டாளிகளோடு கோயமுத்தூரில் ஒரு ரூமில் தங்கிக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் வருவான், திங்கள் விடியுமுன் கிளம்பிவிடுவான். தை மாதம் கல்யாணம். ஆடி வந்துவிட்டது. இத்தனை மாதத்தில் லோகப்பிரியா புருஷனோடு வாழ்ந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள்தான். மற்ற நாளெல்லாம் மக்காச்சோளக் காடும் கோழிப்பண்ணை வாடையும் அவளும்.

அவள் கணக்கில் பி.எஸ்ஸி. படித்து, கம்ப்யூட்டர் டிப்ளமோவும் முடித்தவள். காந்திபுரத்தில் புதிதாகத் திறந்திருந்த கம்ப்யூட்டர் சென்டரில், வந்தால் பாடம் எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். சிங்காநல்லூரில், அவளுக்குக் காலேஜில் பாடம் எடுத்த சாராள் டீச்சர் தன் வீட்டின் பின்கட்டை ஆவணி முடியும்வரை யாருக்கும் விடாமல் வைத்திருப்பதாகச் சொன்னார். அந்த வீட்டு ஜன்னலைத் திறந்தால் ரோடு தெரியும். பஸ் போவது தெரியும், ஆட்கள் நடப்பது தெரியும். லோகப்பிரியா அந்த ஜன்னலோரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். வந்த நாளிலிருந்து தோட்டத்து வீட்டில் மூச்சு முட்டியது.

மனோஜ் ஒருவழியாகத் துணிந்து அப்பாவிடம் பேச்செடுத்தான். பொங்கியண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தனிக்குடித்தனம் எதுக்குங்க மனோஜு? வண்டி ஒண்ணு வாங்கிப்போட்டா தெனமும் ஊட்டுக்கு வந்துரலாமே. தார்ரோட்டுலயும் ஓடோணும், நம்ம இட்டேரியிலயும் ஓடோணும். அப்படி வண்டி கெடைக்காமப் போச்சுன்னா, நானே முன்னால நின்னு உங்க சாமான ஏத்தியுடறேன். போதுமுங்களா?"

போதாது என்று யார் சொல்வது? ஆனால் கதவருகே நின்று கேட்ட லோகப்பிரியாவுக்குச் சந்தோஷம்தான். அந்த இட்டேரியை அவளுக்குத் தெரியும். மாட்டு வண்டித் தடம் இரண்டு பக்கமும் பள்ளமாகி நடுவில் மண் மேடு கட்டியிருக்கும். பாதி வழியில் ஓடை குறுக்கே போகும். மழை பெய்தால் மாடே யோசித்துத்தான் காலை வைக்கும். அதில் ஓடுகிற வண்டி பல்லடம் ரோட்டில் பஸ்ஸுக்கு ஈடுகொடுக்குமா, பல்லடம் ரோட்டில் பறக்கிற வண்டி இதில் நுழையுமா?

ஞாயிற்றுக்கிழமை தோறும் சொந்தக்காரர்கள் தங்கள் வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். பங்காளி வீட்டு புல்லட் தார்ரோட்டில் ராஜா மாதிரி வந்தது, ஓடை மணலில் படுத்துக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். மாமன் மகன் அருண்குமாரின் யமஹா இட்டேரியில் துள்ளிய துள்ளலில் பின்னால் உட்கார்ந்திருந்த பொங்கியண்ணனின் துண்டு வேலியில் போய் மாட்டிக்கொண்டது. "பையனுகளுக்கு ஆவுமுங்க" என்று மரியாதையாக இறங்கிக்கொண்டார். பெட்ரோல் குடிக்காத ஹீரோ ஹோண்டா நடு மேட்டில் அடிவயிறு தட்டி நின்றது. பால்காரர் சொன்ன ராஜ்தூத் இட்டேரிக்கு அசரவில்லை. ஆனால் அந்த ஆமை வேகத்தில் தினமும் பீளமேடு போய்வர வேண்டும் என்றதும் பால்காரரே சிரித்துவிட்டார்.

ஒவ்வொரு வண்டி தோற்றபோதும் லோகப்பிரியா எல்லாருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு பிரகாசம். மனதுக்குள் சிங்காநல்லூர் ஜன்னலுக்குத் திரை தைத்து முடித்திருந்தாள்.

பிறகு வின்ஸ்டன் வந்தான். மனோஜின் கம்பெனியில் உடன் வேலை பார்க்கிறவன். புலியகுளத்துக்காரன், மோட்டார் சைக்கிள் ராலி பைத்தியம். பேச்சுவாக்கில் மனோஜ் இந்தக் கூத்தைச் சொல்லிச் சிரிக்கப்போக, "இதுக்கா இத்தனை பாடு? என்கிட்ட இருக்குதே!" என்று அடுத்த ஞாயிறே வந்து இறங்கிவிட்டான். சிநேகிதன் உபகாரம் செய்வதாக நினைத்துக் குழி தோண்டினால் யாரைப் போய் நோவது?

அது ஒரு பழைய யெஸ்டி. சைலன்சரைச் சீட்டு உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தான். அகலமான ஹாண்டில்பார், உயர்த்திய மட்கார்டு, கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயர். முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. வண்டி வேலியோரச் சேற்றில் இறங்கி, ஓடையைக் கடந்து, மறு கரையில் ஏறி, ஒன்றுமே நடக்காததுபோல் வாசலில் வந்து நின்றது. அப்படியே பல்லடம் போய்த் திரும்பியும் வந்தது. பின்னால் உட்கார்ந்து போய்வந்த பொங்கியண்ணனின் துண்டு தோளிலேயே இருந்தது.

"ரோட்டுல டயர் உறுமுதுங்கப்பா" என்றான் மனோஜ், வேறு குறை எதுவும் கிடைக்காமல்.

"உறுமட்டுமுங்க. நாயி உறுமுனா ஊட்டுக்குக் காவல்தான?"

லோகப்பிரியா மோர்ச் சொம்போடு உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. அப்போது வெளியிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது.

"எதுக்கும் ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை பூக் கேட்டுப்போடலாமுங்க. கேக்காம இந்த ஊட்டுல ஒரு கன்னுக்குட்டி வாங்குனதில்லை."

லோகப்பிரியா நிமிர்ந்தாள். பூக் கேட்பது அவளுக்குத் தெரியாததா? அவிநாசிப் பக்கம் அவள் பிறந்த ஊரிலும் கிணறு வெட்டுவதென்றால், பெண் கொடுப்பதென்றால், சாமியிடம் பூக் கேட்காமல் நடக்காது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. சாமி காலடியில் வைத்து எடுப்பார்கள். வெள்ளை வந்தால் நடத்து, சிவப்பு வந்தால் நிறுத்து. சாமி நிறுத்து என்று சொல்லிவிட்டால் பொங்கியண்ணன் அதற்கு மேல் ஒரு அடி வைக்கமாட்டார். நானே சாமானை ஏற்றிவிடுகிறேன் என்று சொன்ன வாய் அது.

அடுத்த ஞாயிறு காலையில் மாமியார் தெய்வாத்தாள் சொன்னார்: "தலைக்கு ஊத்திட்டீல்ல கண்ணு? நீயே அரளி பறிச்சு ரெண்டு பொட்டணமாக் கட்டிப்போடு."

கிணற்றடியில் செவ்வரளியும் வெள்ளரளியும் அடுத்தடுத்து நின்றன. லோகப்பிரியா செவ்வரளியிடம் மட்டும் போனாள். இரண்டு வாழையிலைத் துண்டிலும் சிவப்பையே வைத்து நூல் சுற்றினாள். 'ஆத்தா, நீ பொம்பளை. உனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கோ' என்று சாமியிடமே சொல்லி வைத்தாள்.

கோயிலில் பூசாரி பொட்டலங்களை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். பொங்கியண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"ஆத்தா, பையன் இந்த வண்டிய வாங்கி ஊட்டோட இருக்கறது உனக்குச் சம்மதமுன்னா, எப்பவும் போலச் செவப்பைக் குடு. வேண்டாமுன்னா வெள்ளையக் குடுத்துப்போடு."

லோகப்பிரியாவுக்குக் காது அடைத்தது. எப்பவும் போல சிவப்பா? பிறந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கும், புகுந்த வீட்டில் எங்கே இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள், இதைக் கேட்கவில்லை. சாமிக்குச் சாமி பேச்சு மாறும் என்று அவள் கண்டாளா?

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. "பெரிய காரியம், மறுக்காக் கேட்டுப்போடலாமுங்க" என்று மடித்துக் கட்டி, இரண்டையும் கலந்து வைத்து எடுத்தார். சிவப்பு. மறுபடியும் கலந்தார். மறுபடியும் சிவப்பு. ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். என்னவென்று சொல்வது? சாமி காலடியில் திருட்டுப் பூ வைத்தேன் என்றா? பூசாரி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டார்.

"மூணு வாட்டியும் ஒரே சொல்லு! ஆத்தா இவ்வளவு உறுதியாச் சொல்லி நான் பாத்ததில்லீங்க!"

பொங்கியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வின்ஸ்டன் விட்டுப்போயிருந்த வண்டியிலேயே மனோஜ் அவளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். இட்டேரியில் வண்டி குலுங்காமல் போனது. பாதி வழியில் திரும்பாமலே சொன்னான்.

"ஒரு வாட்டியாச்சும் வெள்ளை வந்திருந்தா நான் அப்பாகிட்டப் பேசியிருப்பேன் லோகு. சாராள் டீச்சருக்கு அட்வான்ஸ்கூடக் கையில வெச்சிருந்தேன். இனி என்னன்னு பேசறது?"

அவன் தோளைப் பிடித்திருந்த கையை அவளால் எடுக்க முடியவில்லை, எடுத்தால் விழுந்துவிடுவாள்.

வீட்டில் எல்லாரும் வந்து சேர்ந்து, காப்பி குடித்து, ஆளுக்கொரு பக்கம் போனபின் தெய்வாத்தாள் அவளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். பூசாரி கிணற்றில் போடச் சொல்லிக் கொடுத்த பொட்டலங்கள் அவர் கையில் இருந்தன. இரண்டும் பிரிந்திருந்தன.

"கடைசி வரைக்கும் வராத அந்த வெள்ளைப் பூவைப் பாக்கோணுமுன்னு ஒரு ஆசை. அதான் பிரிச்சுப் பாத்தேன்" என்றார் தெய்வாத்தாள்.

திட்டட்டும், கூச்சல் போட்டு எல்லாரையும் கூப்பிடட்டும். பூக் கேட்டது செல்லாது என்றாகிவிடும். ஒரு நிமிஷம் அந்தக் கூச்சலுக்காக ஆசையாகக்கூட இருந்தது.

தெய்வாத்தாள் கூச்சல் போடவில்லை. அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"வெள்ளை வந்துட்டா சிங்காநல்லூருக்கு அனுப்பிப்போடுவாங்கன்னுதான இப்படிப் பண்ணுன? இந்த ஊடு மேல உனக்கு இத்தனை பாசமுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே கண்ணு. பையன் கூட்டிட்டுப் போயிருவான், நீயும் போயிருவீன்னு நான் எத்தனை நாளு உள்ளுக்குள்ளயே அழுதிருக்கறேன்."

'அப்படி இல்லைங்க அத்தை' என்று ஆரம்பிக்க லோகப்பிரியா வாயைத் திறந்தாள். அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. தேம்பித் தேம்பி அழுதாள். தெய்வாத்தாள் அரளியை எல்லாம் கிணற்றுக்குள் உதறிவிட்டு, அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அழுவாத சாமி. நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன். இனி ஆரு வந்து கேட்டாலும் உன்னைய இங்கிருந்து அனுப்ப உடமாட்டேன்."