நுனி மட்டும்

வாரம் ஒருநாள் லீவு கொடுக்காவிட்டால் பார்லர் வேலையை இருவரும் சேர்ந்தே விடுவதென்று பேச்சு. பக்கத்து நாற்காலியில் முடிவெட்டுகிறவள் என் கையைப் பிடித்து, "ப்ராமிஸ்க்கா" என்றாள்.

இன்று முதலாளியம்மாவிடம் பொரிந்து தள்ளி, வேலையும் வேண்டாமென்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவளோ என் ஜன்னலோர நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, சொன்னது என்னாச்சு?"

"ப்ராமிஸ்னுதானேக்கா சொன்னேன்? சத்தியம் பண்ணியா குடுத்தேன்?"

அடிப்பாவி! கத்தரிக்கோலைப் பையில் போட்டேன். அதற்குள் என் வாடிக்கைக்காரம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "நுனி மட்டும்தாம்மா, நீளத்துல கை வெச்சிடாதே" என்று அவளிடம் கெஞ்சினாள்.

"ப்ராமிஸ் மேடம்."

கதவைத் தாண்டுமுன் திரும்பிப் பார்த்தேன். ஒரு சாண் கூந்தல் தரையில் கிடந்தது.