பிரேக் இல்லாத இருக்கை

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். அதாவது, ஓட்டத் தெரியாதவர்கள் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, உயிரோடு வீடு திரும்புவது. என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்தே என் வலது காலுக்குத் தனியாக ஒரு புத்தி முளைத்துவிட்டது. சினிமா தியேட்டரில் திரையில் கார் வேகமாக வந்தால்கூட அது முன்சீட்டை உதைக்கும். வாயும் அதே ஜாதி. "கண்ணாடி பாரு, இண்டிகேட்டர் போடு, கிளட்ச், கிளட்ச், கிளட்ச்!" பஸ்ஸில் போகும்போது டிரைவருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அப்போதும் நான் சொன்னதுதான் சரி.

இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டே பிழைப்பு நடத்தியதில் ஒரு கடைவாய்ப்பல் விரிசல் விட்டது. பல் டாக்டரம்மாவிடம் போனேன்.

"ராத்திரி தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர், பகல்லதான். காலைல முதல் கிளாஸ்ல ஆரம்பிச்சுடுவேன்."

சிரித்துவிட்டார். அப்புறம் அவர் கை என் வாய்க்குள் இருந்ததால் நான் வெகுநேரம் பேசாமல் கிடந்தேன். அதைப் பார்த்து என்னை அடக்கமான ஆள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. உண்மை தெரிவதற்குள் நாங்கள் நன்றாகப் பழகிவிட்டோம். நாற்பதைத் தாண்டிய பிறகு இப்படி ஒருத்தரைப் பார்த்து நெஞ்சு படபடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பார் என்றிருப்பேன். ஆனால் படபடத்தது. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டேவிட்டேன்.

டாக்டர் ஏற்கெனவே ஒருமுறை கல்யாணமாகிப் பிரிந்தவர். உடனே பதில் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்களும் வாங்க. அங்க போய்ச் சேர்ந்ததும் சொல்றேன்" என்றார்.

அக்கா வீடு மலைமேல் இருக்கிறது. சனிக்கிழமையிலிருந்தே மழை பிய்த்து உதறிக்கொண்டிருந்தது. நான் என் காரில் போகலாம் என்றேன். போன வருஷம் வாங்கிய வண்டி. ஒரு துளி விழுந்தால் வைப்பர் தானே ஓடும். சக்கரம் வழுக்கினால் தானே பிடித்துக்கொள்ளும். கோட்டைத் தாண்டினால் கீச்கீச்சென்று எச்சரிக்கும். பக்கத்து சீட்டில் பையை வைத்தால், அதற்கும் பெல்ட் போடு என்று விடாமல் மணியடிக்கும். அத்தனை அக்கறை.

"உங்க வண்டி அப்படியே உங்களை மாதிரி மாஸ்டர். ஓயாம சொல்லிக்கிட்டே இருக்கும்" என்றார் டாக்டர். "என் வண்டில போவோம்."

அவருடைய வண்டி எங்கள் இரண்டு பேரையும்விட வயதில் மூத்தது. உருண்டை விளக்கும் கனத்த பம்பருமாக, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். விவாகரத்தானதும் அவர் வாங்கிய முதல் பொருள் அதுதான். ஏன் அதைப் போய் வாங்கினார் என்றும் என்னிடம் சொல்லியிருக்கிறார். "பழைய வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்தாலே பாடம்தான். அந்த கியர் போடு, இப்படித் திருப்பு, உனக்கு எப்பதான் வருமோன்னு. இந்த வண்டியை எப்படி ஓட்டணும்னு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. அதனால யாரும் எனக்குப் புத்தி சொல்ல முடியாது."

அன்று காலை காரில் ஏறுவதற்கு முன் டாக்டர் நிபந்தனையைச் சொன்னார். "அக்கா வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ஓட்டறதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசிட்டா, எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும், ஆனா கல்யாணம் வேண்டாம். சரியா?"

"இதென்ன பெரிய விஷயம்" என்றேன். நாக்கு அப்போதே அரித்தது.

முதலில் ஒரு உருளைக்கிழங்கை நறுக்கிக் கார் கண்ணாடி முழுக்கத் தேய்த்தார். தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் வழிந்துவிடுமாம். அப்புறம் பானெட்டைத் திறந்து, கிளினிக்கில் போட்டுக்கொள்ளும் ரப்பர் கையுறை ஒன்றை எடுத்து, இன்ஜினுக்கு மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் மூடியின்மேல் மாட்டினார். நான்கு பிளக் வயரும் நடுவிலிருக்கும் இன்னொரு வயருமாக ஐந்தும், நுனி வெட்டிய ஐந்து விரல்கள் வழியாக வெளியே வந்தன. ஈரம் படாமலிருக்க இந்த ஏற்பாடு. பல் பிடுங்கப் போவதுபோல அத்தனை நிதானமாகச் செய்தார். என் புது வண்டியின் பானெட்டை நான் இதுவரை கண்ணாடித் தண்ணீர் ஊற்ற மட்டுமே திறந்திருக்கிறேன்.

கிளம்பினோம். ஊருக்குள் பிரச்சினையில்லை. என் கையில் ஒரு துணியைக் கொடுத்து, உள்பக்கக் கண்ணாடியில் ஆவி படியப் படியத் துடைக்கச் சொல்லியிருந்தார். எனக்கும் வேலை, வாய்க்கும் ஓய்வு என்று துடைத்தேன். கூரை ஓரத்திலிருந்து ஒரு சொட்டு சரியாக என் சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நகர்ந்து உட்கார்ந்தேன். சொட்டும் நகர்ந்து வந்தது.

மலை ஏறத் தொடங்கியதும்தான் அந்த வைப்பரின் குணம் தெரிந்தது. அது மோட்டாரில் ஓடும் வைப்பர் இல்லை, இன்ஜின் இழுக்கும் காற்றில் ஓடுவது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் படுத்துவிடும். காலை எடுத்தால் எழுந்து வேலை செய்யும். அதாவது வண்டி போகும்போது பாதை தெரியாது, பாதை தெரியும்போது வண்டி போகாது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவதுபோல ஒரு மிதி மிதிப்பார். பிறகு காலை எடுப்பார். வைப்பர் இரண்டு தடவை ஆடும். "ஓ, வளைவா" என்பார். மறுபடி ஒரு மிதி.

துணியின் ஒரு முனையை வாயில் கவ்விக்கொண்டேன்.

எதிரே ஒரு பஸ் வந்தது. டாக்டர் பிரேக் பிடித்தார். நனைந்த டிரம் பிரேக் அது, யோசித்து முடிவெடுத்துத்தான் பிடிக்கும். வாய் கட்டுப்பட்டது, கால் கட்டுப்படவில்லை. அந்தப் பக்கத்தில் பிரேக்கே இல்லை என்பதை மறந்து, என் பலம் முழுவதையும் வலது காலில் கொடுத்து மிதித்தேன். துருப்பிடித்த தரை, பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. என் கால் முழங்கால் வரை வெளியே போய்விட்டது. கீழே ரோடு ஓடிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட அதோடு சேர்ந்து நானும் ஓடினேன்.

காலை உருவி எடுத்தபோது ஷூ வரவில்லை.

டாக்டர் பஸ்ஸைத் தாண்டி நிறுத்தினார். ஓட்டையைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். காயம் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். "கால் பேசினது கணக்குல வராது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கிளினிக் பஞ்சுப் பொட்டலத்தை எடுத்து ஓட்டையில் திணித்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. எனக்கு உற்சாகம் பிறந்தது. ஜெயித்துவிடுவோம் என்று முதல்முறையாக நம்பினேன். ஈரக் காலோடு, ஒற்றை ஷூவோடு, புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மேலே போகப் போகப் பனிமூட்டம். மழையும் குறையவில்லை. ஓரிடத்தில் வைப்பர் டக்கென்று ஒரு சத்தம் போட்டு நின்றேபோனது. காலை எடுத்தும் எழவில்லை. பின்னால் யாராவது வந்து இடித்துவிடுவார்களே, இங்கே நிற்க முடியாது. டாக்டர் தன் பக்கத்து ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி ஊர்ந்து போனார். முடியெல்லாம் நனைந்து முகத்தில் ஒட்டிக்கொண்டது.

"மாஸ்டர், உங்க பக்கம் எனக்கு ஒண்ணுமே தெரியல. ஓரம் தெரியுதா?"

எனக்கு நன்றாகவே தெரிந்தது. ரோட்டு ஓரம், அதை ஒட்டி ஒரு வாய்க்கால், அதை நோக்கி மெல்ல நகரும் எங்கள் சக்கரம்.

"சொல்லுங்க மாஸ்டர். எவ்வளவு இடம் இருக்கு?"

இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. லைசென்ஸ் டெஸ்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொருவரிடமும் நான் ஓதி அனுப்புவது ஒன்றுதான்: ஆபீசர் நல்லவிதமாகப் பேச்சுக் கொடுப்பார், இங்கேயே நிறுத்தேன் என்பார், ஏமாந்து நிறுத்தாதே, அங்கே நிறுத்தக் கூடாது என்று போர்டு இருக்கும். கடைசி நிமிஷத்தில்தான் வலை விரிப்பார்கள். டாக்டரும் விரிக்கிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிட்டது. என்னிடமா?

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, எனக்குப் புரிந்துவிட்டது என்கிற மாதிரி ஒரு புன்னகை செய்தேன்.

"பேசுங்களேன்!" என்று கத்தினார்.

புன்னகையைக் கொஞ்சம் அகலமாக்கினேன்.

என் பக்கத்து முன்சக்கரம் சாவகாசமாக வாய்க்காலில் இறங்கியது. வண்டி சாய்ந்து, இருமி, அடங்கியது.

டாக்டர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். "ஓரம் தெரிஞ்சுதா உங்களுக்கு?"

தலையாட்டினேன்.

"வாய்க்கா தெரிஞ்சுதா?"

அதற்கும் ஆட்டினேன். "நீங்க சோதிக்கிறீங்கன்னு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஸ்டியரிங்கைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினார். "பழைய வீட்டுக்காரர் நான் கேக்காமயே சொல்லிக்கிட்டிருப்பார். அதனால நான் யாரையும் எதுவும் கேக்கறதையே விட்டுட்டேன். எவ்வளவோ வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் ஒருத்தரைப் பார்த்து வாய்விட்டு 'சொல்லுங்க'ன்னு கேட்டேன். நீங்க சிரிக்கிறீங்க."

எனக்கு அந்த வாய்க்காலிலேயே முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"உங்க வண்டி எல்லாத்துக்கும் கத்தும். என் வண்டி சாகிற வரைக்கும் எதுவும் சொல்லாது" என்றார். "ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆளே கிடைக்க மாட்டாங்களா எனக்கு?"

"டாக்டர், நான் பயந்துட்டேன். பேசினா நீங்க இல்லாமப் போயிடுவீங்களோன்னு. அதைத் தவிர மண்டைல வேற எதுவும் ஓடல. சக்கரம் இறங்கறதைக்கூடப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

நான் கதவைத் திறந்து மழையில் இறங்கினேன்.

பின்னால் ஒரு பெரிய புதுக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நல்ல மனிதர், கயிறு வைத்திருந்தார், இழுத்துவிடுகிறேன் என்று தானே முன்வந்தார். ஆனால் அவர் வண்டி சம்மதிக்கவில்லை. திருப்பி நிறுத்தி எங்கள் பக்கமாகப் பின்னால் எடுத்தால் ஆபத்து ஆபத்து என்று கத்தித் தானே பிரேக் போட்டுக்கொண்டது. ஒருவழியாகக் கிட்டே கொண்டுவந்து நான் குனிந்து கயிறு கட்டப் போனால், என் கால் அசைந்ததைப் பார்த்துப் பின்கதவு தானாகத் திறந்து என் தாடையில் இடித்தது. மூடினேன். திறந்தது. "சார், காலை ஆட்டாதீங்க, நீங்க திறக்கச் சொல்றீங்கன்னு அது நினைக்குது" என்று அவர் உள்ளிருந்து கெஞ்சினார். கடைசியில் அவரும் இறங்கிவந்தார். இரண்டு பேருமாகத் தோள் கொடுத்துத் தள்ள, டாக்டர் பின்னோக்கி எடுக்க, கிழட்டு வண்டி மேலேறியது. கையுறை புண்ணியத்தில் இன்ஜின் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் முழுக்க நனைந்துபோய் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். எதற்கு வாழ்த்தினார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

நான் ஏறி உட்கார்ந்து, என் பக்கத்து ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். டாக்டரும் தன் பக்கம் நீட்டினார்.

"சொல்லுங்க" என்றார். குரலில் கோபமோ சிரிப்போ இல்லை, தேவை மட்டும்தான்.

சொன்னேன். "ஒரு கை இடம் இருக்கு. நேரா வாங்க. இன்னும் கொஞ்சம் உள்ள. இப்ப கல்லு வருது, விலகுங்க. சரி." கியரைப் பற்றியோ கிளட்சைப் பற்றியோ நினைப்பே வரவில்லை. என் பக்கம் இருப்பதை மட்டும் சொன்னேன், அவர் பக்கத்தை அவர் பார்த்துக்கொண்டார். இப்படி நான் யாருக்கும் வழி சொன்னதில்லை. மூட்டம் கலைந்து ரோடு தெரிந்ததும் தலையை உள்ளே இழுத்து ஜன்னலை ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். டாக்டர் ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்றது. அக்கா குடையோடு படியில் நின்று, நாங்கள் இறங்கக் காத்திருந்தார். டாக்டர் இன்ஜினை அணைத்தார், இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. தோற்றவன் அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது?

"உள்ள போனதும் அக்கா முதல்ல கல்யாணத்தைப் பத்தித்தான் கேப்பா" என்றார், முன்னால் பார்த்தபடி. "என்ன சொல்லட்டும்?"

இந்த முறை நான் ஆபீசரையும் நினைக்கவில்லை, நிபந்தனையையும் நினைக்கவில்லை. அவர் கேள்வி முடிவதற்குள், "சரின்னு சொல்லுங்க!" என்றேன். பயிற்சி மைதானத்தில் அடுத்த வண்டிக்காரனுக்கும் சேர்த்துக் கத்துகிற குரலில் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

டாக்டர் கதவைத் திறந்து, மழையைப் பற்றிக் கவலைப்படாமல் வெளியே நின்று குரல் கொடுத்தார்.

"அக்கா, சரியாம்!"