சும்மா இருந்தவள்

"வாயைத் திற கண்ணு, ஒரே ஒரு வாய்" என்று மூன்றாவது முறையாக ஸ்பூனை நீட்டினாள். இரண்டரை வயது மகள் உதட்டை இறுக மூடிக்கொண்டு கூடத்தைக் கை காட்டினாள். அங்கே ஐஸ் பெட்டிக்குள் பெரியம்மா படுத்திருந்தாள். அவள் எழுந்து வந்து ஊட்டினால்தான் ஆயிற்று. நெரிசலில் எழுபது பேருக்கு டிக்கெட் கிழித்து, வம்பு செய்கிறவனை நடுவழியில் இறக்கிவிடும் கண்டக்டரம்மாவுக்குப் பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டத் தெரியவில்லை. அதையெல்லாம் வீட்டோடு இருந்த அக்காதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா நேற்றுக் காலை சமையலறையில் விழுந்தாள். தெருவில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். சிலிண்டர் போட வந்தவர் குழந்தை அழுவதைக் கேட்டுக் கதவை உடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சு என்றார் டாக்டர். "முன்னாடியே வலி இருந்திருக்குமே, யாரும் கூட்டிட்டு வரலியா?" என்றும் கேட்டார்.

அந்தக் கேள்வி அவளைப் போட்டு அறுத்துக்கொண்டிருந்தது. வந்தவர்களிடம் ஆளுக்கொரு பதில் இருந்தது. "பிடிவாதக்காரி, யார் சொன்னாலும் கேக்க மாட்டா" என்றாள் நாத்தனார். ஆஸ்பத்திரி இரண்டு நிறுத்தம் தள்ளித்தான். அக்கா ஏன் போகவில்லை? தன்னிடமாவது ஏன் சொல்லவில்லை?

பதினோரு மணிக்குக் காப்பக டீச்சர் வந்தார். நகராட்சி நடத்தும் குழந்தைகள் காப்பகம் அது. தனியார் காப்பகத்தில் கேட்டது அவள் சம்பளத்தில் பாதி. இங்கே கட்டணம் கைக்கு அடக்கம். அதனால்தான் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. போன வருஷம் எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னும் முறை வரவில்லை என்றே நினைத்திருந்தாள்.

டீச்சர் அவளைத் தனியே அழைத்துப் போனார்.

"உங்கக்கா முன்னாடி மூணு மாசம் விடாம வந்து வந்து கேட்டாங்கம்மா. ஸ்கேன் எடுக்க ரெண்டு தடவை போயிருக்காங்க. குழந்தையோட உள்ள வரக்கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். 'பாப்பாவ உங்ககிட்ட விட்டுட்டு முதல் வேலையா அங்கதான் போவேன்'னு சொல்லிச் சிரிப்பாங்க."

கண்டக்டர் வேலையில் அவளுக்கு ஞாயிறுதான் விடுமுறை. ஸ்கேன் அறைக்கும் அன்றுதான் விடுமுறை.

"எங்களுக்கு இடமே வரலியே டீச்சர்."

டீச்சர் தயங்கினார். "வந்துச்சும்மா. பாப்பாவோட அப்பா வந்து வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரு. ரெண்டு மாசம் இருக்கும். உங்கக்காகிட்ட சொன்னேன். 'அப்படியா'ன்னாங்க. 'தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம், வீட்டுல சண்டை வரும்'னாங்க. அப்புறம் வரவே இல்ல. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?"

கணவன் வந்தவர்களுக்காகச் சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். எலக்ட்ரீஷியன், சொந்தக் கடை. நேற்றிலிருந்து அவன்தான் ஓடி ஓடி எல்லாம் செய்கிறான் என்று ஊரே மெச்சியது.

"காப்பகத்துல இடம் வந்ததா?"

குழாயை மூடினான். "யாரு சொன்னா?"

"வந்ததா இல்லியா?"

"அஞ்சு மணிக்குப் பெத்தவங்கள்ல ஒருத்தர் போய்க் கூட்டிட்டு வரணுமாம். உனக்கு டூட்டி. நான் தினமும் கடையை மூடிட்டுப் போறதா? உங்கக்கா வீட்டுல சும்மாதானே இருந்தாங்க. வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையணுமா?"

"அவளுக்கு வலி இருந்தது தெரியுமா?"

"வாயுன்னு சொன்னாங்க" என்றான், தரையைப் பார்த்து.

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இருவரும் சேர்ந்து அவளை ஏமாற்றியிருக்கிறார்கள். ஒருவன் கையெழுத்துப் போட்டு, இன்னொருத்தி வாயைத் திறக்காமல். சண்டை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கூடப் பிறந்தவளை விடச் சண்டை பெரிதா? இந்த ஐந்து மணி சமாசாரத்துக்காக அவள் ஒரு டூட்டி மாற்றிக் கேட்டிருக்க மாட்டாளா?

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். முகங்களைப் பார்த்தவள், வேறு கவலை என்று நினைத்துக்கொண்டாள். "பாப்பாவ யாரு பாத்துப்பான்னுதானே? எங்க மாமா மக படிப்ப முடிச்சிட்டுச் சும்மாதான் இருக்கா. அனுப்பி வெக்கச் சொல்றேன்."

"வேண்டாம் அண்ணி" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அந்தப் பொண்ணு சும்மா இல்ல."

வாசலில் சுடுகாட்டு வண்டி வந்து நின்றது. அக்காவை ஏற்றினார்கள். "குழந்தைய யாராவது பிடிங்கம்மா" என்று யாரோ சொன்னதும் நாலைந்து பெண்கள் கை நீட்டினார்கள். அவள் ஒருவரிடமும் கொடுக்கவில்லை. முன் இருக்கையில் ஏறப் போன கணவனின் கையில் மகளை வைத்தாள்.

"நான் வராம எப்படி?" என்றான்.

"நான் போறேன். நீங்க பாத்துக்கங்க."

அக்காவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. குழந்தை வண்டியைப் பார்த்துச் சாய்ந்துகொண்டு வீறிட்டது. அவன் அதை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான். மறுபடியும் வலது கைக்கு மாற்றினான்.